வியாபாரம் இரத்தத்தில் ஊறியதா?

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா?" என்பது பழமொழி. இதைத் தொழிலுக்கும் பொருத்தி, "வியாபாரம் அவர்கள் இரத்தத்தில் ஊறியது, நமக்கு வராது" என்பார்கள் பலர். படிப்பை முடித்து, சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று தயங்கும் இளைஞர்களைப் பின்னுக்கு இழுப்பது இந்தப் பேச்சுத்தான். இதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

பயன் உறுதியில்லாத முயற்சியில் கைப்பொருளையும் உழைப்பையும் துணிந்து இறக்குவதே தொழில்முனைவு. புதுவைக்குத் தெற்கே நல்லவாடு போன்ற மீனவர் ஊர்களில் இதை நாள்தோறும் காணலாம். கரையில் ஏலம் எடுத்த மீன் கெடுமுன் விற்றாக வேண்டும். இல்லையேல் போட்ட பணம் போயிற்று. கூடை சுமக்கும் பெண்களைத் தொழில்முனைவோர் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் இலாப நட்டத்தை எடைபோட்டு உடனே முடிவெடுக்கிறவர்கள் அவர்கள்.

இரட்டையர் தரும் கணக்கு

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரு கருவாக உருவான இரட்டையரிடையே, மனிதருக்கு மனிதர் வேறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் ஒத்திருக்கும். ஒரு குணத்தில் முதல் வகையினரின் ஒற்றுமை 0.6, இரண்டாம் வகையினரின் ஒற்றுமை 0.4 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.2. அது மரபணுக்களின் பாதி அளவு வேறுபாட்டால் வந்தது. ஆகவே முழு அளவுக்கு 0.4, அதாவது 40 விழுக்காடு. இதுவே 'மரபுவழிப் பங்கு'.

பிரிட்டனில் 870 ஜோடி ஒரு கரு இரட்டையரையும் 857 ஜோடி இரு கரு இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வு 2008-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சொந்தத் தொழில் செய்வதில் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 48 விழுக்காடு என்றது அது.

"அப்படியானால் பாதி பிறவிக் குணம்தானே?" என்று கேட்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே மூட்டையிலுள்ள கலப்பு விதைநெல்லைப் பாகூர் ஏரிப் பாசன வயலில் ஒரு பிடியும், தண்ணீரில்லா மேட்டு நிலத்தில் ஒரு பிடியும் விதையுங்கள். ஒரே வயலுக்குள் பயிருக்குப் பயிர் உயரம் வேறுபட விதையே பெருங்காரணம். ஆனால் இரு வயல்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் தண்ணீர். 48 என்ற எண் ஒரு வயலுக்குள் எடுத்த கணக்கு. அதை வைத்து ஒரு சாதியையும் மற்றொன்றையும் ஒப்பிட முடியாது. தனி மனிதரின் எதிர்காலத்தையும் கணிக்க முடியாது.

'வியாபார மரபணு' என்று தனியாக ஒன்றும் அகப்படவில்லை. 50,000 பேருக்கு மேற்பட்டோரின் மரபணுக் குறிகளை அலசி 2013-இல் வெளியான ஆய்விலும் உறுதியான தொடர்புள்ள ஒரு குறிகூடக் கிட்டவில்லை. தொடர்பு இருப்பின் அது எண்ணற்ற மரபணுக்களின் சிறுசிறு பங்காகவே இருக்கக்கூடும்.

மூளை ஒரு மாணவன்

உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற அறிஞர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடிப்புடன் இயங்கின. எதிர்பார்த்த சாறு கிடைக்காதபோது அடங்கின. எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை இவ்வாறு அளந்து, அடுத்த முடிவைத் திருத்திக்கொள்கிறது. மனித மூளையிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அனுபவம் ஏற ஏற, கணிப்பும் கூர்மையாகிறது.

பழக்கமும் பயிற்சியும்

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கடைகள் நடத்தினர். அங்கே ஒருவர் சிறு வயதிலேயே 'பெட்டியடிப் பையனாக'ச் சேர்ந்து, கணக்கு எழுதப் பழகி, 'அடுத்தாள்', 'மேலாள்' என்று படிப்படியாக உயர வேண்டும். பிறவியிலேயே வருவதானால் இத்தனை படிகள் எதற்கு?

சுவீடனில் தத்துப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2015-இல் வந்தது. பிள்ளை சொந்தத் தொழிலில் இறங்குவதில் பெற்றவர், வளர்த்தவர் இருவரின் பாதிப்பும் தெரிந்தது. ஆனால் வளர்த்தவர் பங்கு பெற்றவர் பங்கைப்போல ஏறத்தாழ இருமடங்கு!

நம் ஏனாம் பகுதிக்கு அண்மையிலுள்ள காக்கிநாடாவில் 1964-இல் தொடங்கிய சோதனை இன்னும் நேரடியானது. அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்டின் திட்டப்படி, அவ்வூர் வியாபாரிகளுக்கு ஐதராபாத்திலுள்ள சிறுதொழில் பயிற்சி நிறுவனம் பயிற்சி தந்தது. மிக எளிதுமல்லாத, எட்டாததுமல்லாத இலக்கைத் தேர்ந்து, விளைவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கற்பித்தார்கள். பயிற்சி பெறாதவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் பின்னாளில் அதிக ஊக்கத்துடன் தொழிலை விரிவாக்கினர்.

துணிவில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. அதில் மரபணுவுக்கும் பங்குண்டு. எனினும் முதலும் பயிற்சியும் வழிகாட்ட ஆளும் கிடைக்காதவரை ஒருவரின் திறமை எவ்வளவு என்று சொல்ல முடியாது. மேட்டு நிலத்துக்கு முதலில் தண்ணீர் விடுவோம். விதையைப் பற்றிப் பிறகு பேசலாம்.