நாயின் குடலைத் தாக்கும் நிறமற்ற பாசி

நீர்வேலியின் செம்மண் தோட்டங்களிற் கிணறும் தொட்டியும் மாட்டுக்கொட்டிலும் எருக்குவியலும் ஒரே வளவினுள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் காணலாம். காவல் நாயும் அங்கேயே கிடைத்த நீரைக் குடித்து வாழ்கின்றது. அவ்வாறான நாய்க்கு வாரக்கணக்காக வயிற்றோட்டம் நீடித்து, மலத்துடன் சளியும் செந்நிற இரத்தமும் வெளிப்படின், கமக்காரர் அதனை அலட்சியஞ் செய்யலாகாது.

இக்குறிகளுக்குப் பெரும்பாலும் கொழுக்கிப்புழு முதலியனவே காரணமாகும். ஆகவே, பூச்சிமருந்து கொடுப்பதே முதற்படி. அதற்கும் குணமாகாத சில நாய்களின் பெருங்குடலில் ‘புரோற்றோதீக்கா’ எனும் பாசி குடியேறியிருத்தல் கூடும். இது அரிதான நோயே, ஆயினும் கொடியது.

பாசியெனின் பச்சை நிறமே நினைவுக்கு வரும். இதுவோ பச்சையத்தை இழந்து, பிற பொருள்களின் அழுகலை உண்டு வாழ்வது. 1894 ஆம் ஆண்டில் யேர்மனியரான குறூகர் மரங்களிலிருந்து கசியும் சாற்றில் இதனைக் கண்டு விவரித்தார். சாணம், கழிவுநீர், தேங்கிய நீர், ஈரச்சேறு ஆகியவற்றிலும் இது வளரும். நாய்களில் இந்நோய் 1969 இல் விவரிக்கப்பட்டது.

குடலிலிருந்து இரத்தத்தின் வழியே பரவும்போது கண்களே பெரிதும் பாதிக்கப்படும். நேற்றுவரை வேலியோரம் ஓடித்திரிந்த நாய் திடீரெனக் குருடாவதுண்டு; செவிடாதலும் தள்ளாடி நடத்தலும் நேரும். மலத்தையோ குடற்சுரண்டலையோ நுணுக்குக்காட்டியிற் பரிசோதித்து, ஒரு கலத்தினுட் பல சிறு கலங்கள் நெருங்கியிருக்கும் தோற்றத்தைக் கொண்டு இப்பாசியை அறிவர். பற்றீரியாக்களைக் கொல்லும் மருந்துகளாற் பயனில்லை. பங்கசுக்கொல்லிகளான அம்போத்தெரிசின், இற்றாக்கொனசோல் என்பன கொடுக்கப்படினும், உடலெங்கும் பரவிய நிலையிற் பெரும்பாலும் பலன் கிட்டுவதில்லை. ஆதலின், கண் மங்குமுன் கால்நடை வைத்தியரிடம் நாயைக் கொண்டுசெல்க.

நாயைக் காட்டிலும் கறவைப் பசுவின் பொருட்டே கமக்காரர் இப்பாசியை அறிதல் தகும். இது பசுவின் மடியழற்சிக்குக் காரணமாவதை 1952 இல் யேர்மனியிற் கண்டனர். பால் நீர்த்துத் திரைந்து குறைய, மடியினுள் ஏற்றும் சாதாரண மருந்துகள் பயனற்றுப் போகும். அத்தகைய பசுவை இறுதியிற் கறந்து, அதன் பாலை விலக்குக. மற்றப் பாலையும் நன்கு கொதிக்கவைத்தே பருகுக.

மனிதரில் முதன்முதலாக 1964 இல் விவரிக்கப்பட்ட நோயாளி சியராலியோனைச் சேர்ந்த நெற்செய்கைக் கமக்காரர் ஒருவர். புண் தோன்றியது அவரது பாதத்தில். எனினும், நோயுற்ற நாயைக் கண்டு அஞ்சித் துரத்த வேண்டியதில்லை. சுற்றாடலின் ஈரமும் அழுக்குமே தொற்றின் ஊற்று. காலிற் காயமுள்ளோர் அதனைக் கழுவிக் கட்டியபின்னரே சேற்றில் இறங்குக.

நமது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாகச் சாணக்கழிவு கிணற்றை விரைவில் அடையும். எனவே, எருக்குவியலையும் கொட்டிற் கழிவையும் கிணற்றுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். கொட்டில் வாய்க்கால் நீரை நாய் குடிக்க விடாது, அதற்கெனத் தனிச்சட்டி வைத்து, நாள்தோறும் தேய்த்துக் கழுவி வெயிலிற் காயவைத்தபின் புதுநீர் ஊற்றுக.