ஊரின் உறவு வலையை அளக்கும் முறை

தடுப்பூசி போடும் நாளையோ, கடனுதவித் திட்டத்தையோ கிராமத்தில் அறிவிக்கும் ஊழியர், முதலில் ஆசிரியர், கடைக்காரர் முதலியோரிடம் சொல்வது வழக்கம். சில ஊர்களில் அச்செய்தி விரைந்து பரவுகிறது. வேறு சிலவற்றில் தெருக்கோடியை எட்டாமலே நின்றுவிடுகிறது. செய்தி எட்டாத குடும்பம் உதவியையும் இழக்கிறது. இதன் காரணத்தை அறிய, ஊரின் உறவுகளையே அளத்தல் வேண்டும்.

கர்நாடகக் கிராமங்களில்

பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்லோ, மாத்யூ ஜாக்சன் ஆகியோர் தென் கர்நாடகத்தின் 75 கிராமங்களில் இதனை ஆராய்ந்தனர். யார் வீட்டுக்கு யார் செல்கிறார், அரிசியும் மண்ணெண்ணெயும் யாரிடம் கைமாற்றாகப் பெறுகிறார், யாருடன் கோயிலுக்குப் போகிறார் என்பன கேட்கப்பெற்றன. பின்னர் 43 கிராமங்களில் ஒரு சிறுகடன் நிறுவனம் பணி தொடங்கியது. முதலில் செய்தி பெற்றோர் உறவு வலையின் மையத்தில் இருந்த ஊர்களில் கடன் பெற்றோர் மிகுதியாயினர் என்பது 2013-இல் வெளியான முடிவு. பலரை அறிந்திருப்பது மட்டும் மைய நிலை ஆகாது. தாம் அறிந்தோரும் பலரை அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

பெயர் கேளாத வினா

ஒவ்வொரு குடும்பத்திடமும் பெயர்ப்பட்டியல் வாங்குவது செலவு மிக்கது. பெயர் சொல்லப் பலர் தயங்குவதும் உண்டு. இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல், சமூகவியல் இரண்டையும் சார்ந்த பேராசிரியர் டைலர் மெக்கார்மிக். எமிலி பிரேசா, அருண் சந்திரசேகர், மெங்ஜியே பான் ஆகியோருடன் அவர் 2020-இல் வெளியிட்ட முறையில் “எத்தனை பேர்?” என்பதே வினா.

மண்டியா மாவட்டத்து மேல்கோட்டை போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக 100 குடும்பங்கள் என்றும், அவற்றுள் 20 தறி வைத்திருப்பவை என்றும் கொள்க. “தறியுள்ள குடும்பங்களில் எத்தனை உமக்குப் பழக்கம்?” என்ற வினாவுக்கு ஒருவர் நான்கு என்கிறார். அது 20-இல் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அவர் ஊரில் சுமார் 20 குடும்பங்களை அறிந்தவர் எனலாம். நெசவாளர் நெசவாளரையே மிகுதியாக அறிவர். ஆதலால் கோயிற்பணி, பசு, கிணறு எனப் பல தன்மைகளைக் கேட்டுப் பிழையைக் குறைக்க வேண்டும்.

இவ்விடைகளைக் கொண்டு, கட்புலனாகா ஒரு பரப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடத்தைக் கணிப்பொறி மதிப்பிடுகிறது. அருகருகே அமைவோர் உறவுடையவராக இருக்கும் வாய்ப்பு மிகுதி. தரவிலிருந்து மறைந்த அமைப்பை ஊகித்தறியும் இவ்வகைக் கணிப்பு எந்திரக் கற்றலுக்கும் உரியது. இன்னாருக்கு இன்னார் நண்பர் என்று உறுதியாகச் சொல்ல இதனால் இயலாது. வலையின் அடர்த்தி, மைய நிலை முதலியவற்றை மதிப்பிட இயலும்.

ஊழியர் அறிய வேண்டுவது

தன்மைகளைத் தெளிவாக வரையறுப்பதும், ஊரில் ஒவ்வொரு தன்மையும் எத்தனை குடும்பங்களுக்கு உண்டு என்பதைச் செவ்வனே எண்ணுவதும் இம்முறைக்கு இன்றியமையாதவை. அந்த எண்ணிக்கை தவறினால் கணிப்பு முழுவதும் தவறும்.

கணிப்பொறி இல்லாத இடத்திலும் ஒரு வழி உண்டு. கர்நாடகத்தின் 213 கிராமங்களில் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், செய்தி பரப்ப வல்லவர் யார் என்று ஊராரிடமே கேட்கப்பட்டது. அவர்கள் சுட்டியவரிடம் சொன்ன செய்தி, ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதைவிட நன்கு பரவிற்று. தம் ஊரின் வலையை மக்களே ஓரளவு அறிவர். கேட்டறிவது ஊழியர் கடன்.