காற்றாலை இறக்கையின் ஆட்டத்தை அளப்பது எப்படி?

அஞ்சுகிராமம் பக்கத்தில் வசிப்பவர்களுக்குக் காற்றாலை புதிதல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி முப்பந்தல் வரை அவை நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை சீசன். அப்போது இறக்கை சுற்றுவது தெரியும். அது வளைந்து நிமிர்வது கீழிருந்து அவ்வளவாகத் தெரியாது.

இறக்கை வளையத்தான் வேண்டும். கண்ணாடி இழையாலும் ரெசினாலும் ஆனது. அடிப்பகுதி சுழலும் மையத்தோடு போல்ட்டால் இறுகியிருக்க, நுனிக்குப் பிடிமானம் இல்லை. இப்படிப்பட்ட உத்தரம் ஒவ்வொன்றுக்கும், தட்டிவிட்டால் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற சொந்த அதிர்வெண் உண்டு. உள்ளே விரிசல் விட்டு விறைப்பு குறைந்தால் அந்த எண்ணும் இறங்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆக்சிலரோமீட்டர். நம் கைப்பேசித் திரையைத் திருப்பிக் காட்டுவதும் இதே கருவிதான்: மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகளில் தொங்கும் நுண்ணிய எடை, ஆட்டத்துக்குப் பின்தங்கி நகரும், அந்த நகர்வு மின்சமிக்ஞையாக வெளிவரும்.

அது அளப்பது தூரத்தை அல்ல, முடுக்கத்தை. சிக்கலெல்லாம் இங்கேதான். வினாடிக்கு 1 முறை, நடுநிலையிலிருந்து 1 செ.மீ. ஆடும் நுனியின் உச்ச முடுக்கம் 0.39 மீ/வி² மட்டுமே. வினாடிக்கு 50 முறை அதிரும் கியர்பாக்ஸோ 0.1 மி.மீ. ஆடினாலே 9.9 மீ/வி² காட்டும். சிறிய அதிர்வு பெரிய ஆட்டத்தை மறைத்துவிடும். முடுக்கத்தை இருமுறை தொகையிட்டுத் தூரம் காணலாம் என்றால், கருவியின் 0.01 மீ/வி² பிழையே ஒரு நிமிடத்தில் 18 மீட்டராக வளர்ந்து நிற்கும். ஆகவே அதிர்வெண்ணை நம்புங்கள். தூரத்தை எளிதில் நம்பாதீர்கள்.

சுற்றும் இறக்கையில் இன்னும் கடினம். நிமிடத்துக்கு 15 சுற்று, 40 மீட்டர் நீளம் என்று வையுங்கள். நுனியில் மையத்தை நோக்கிய முடுக்கம் புவியீர்ப்பைப் போல 10 மடங்கு. இறக்கை வளைந்து நுனி 1 டிகிரி சாய்ந்தாலே அதில் 1.7 மீ/வி² அளவீட்டில் கலந்துவிடும். நாம் தேடும் 0.39-ஐ விட நான்கு மடங்குக்கும் மேல். போதாததற்கு, ஒவ்வொரு சுற்றிலும் புவியீர்ப்பு வேறு திசை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சொந்த அதிர்வெண்ணை நிறுத்தி வைத்த இறக்கையில், இழுத்துவிட்டோ தட்டியோ எடுப்பதே தெளிவு. ஓடும்போது இறக்கையின் அடியில் வளைவால் வரும் நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜும், கோபுர உச்சியில் கியர்பாக்ஸ் இருக்கும் நாசெல் என்ற கூட்டில் ஆக்சிலரோமீட்டரும் பொருத்துவது வழக்கம்.

பொறியியல் மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நீளமான பலகையின் ஒரு முனையை மேசையில் கிளாம்பால் இறுக்கி, மறுமுனையில் கைப்பேசியை டேப்பால் அசையாமல் ஒட்டுங்கள். பலகையைச் சற்று அழுத்தி விடுவித்து, அதன் ஆட்டத்தை ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் பதிவு செய்யுங்கள். இரும்பு ஸ்கேல் வேண்டாம்: கைப்பேசி அதைவிடக் கனமாக இருந்தால் அதிர்வெண்ணையே மாற்றிவிடும். அடுத்து பலகையில் ஒரு வெட்டுப் போட்டு மறுபடி அளந்து, இரண்டு அதிர்வெண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.