பம்பு வடித்த கண்ணீர்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்ற செய்தி பாளையங்கோட்டைக்கு எட்டினால், பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாதவர்கள் அநேகர். அவர்களில் முதலாவதாக வைத்து எண்ணத்தக்கவர் நமது தாயார். எழுபத்தைந்து வயதாகியும், ஐந்தருவியில் ஒரு முறையேனும் தலையைக் கொடுக்காமல் ஆனி மாதத்தைப் போகவிடுவதில்லை என்று அவருக்கு ஒரு விரதம். சென்ற ஆண்டும் அவ்விரதத்தை முன்னிட்டு, தகப்பனார் விட்டுச் சென்ற பழைய அம்பாஸிடர் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். உடன் வந்தவன் தங்கை மகன். கல்லூரியில் படிக்கிறவன், ஆகையால் எல்லாம் தெரிந்தவன்.

இவ்வண்டியின் குலம் கோத்திரம் நேயர்கள் அறிந்ததே. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் ஓடியது, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு வந்து அம்பாஸிடர் ஆயிற்று. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உருவம் பெரிதும் மாறாமலே வெளிவந்தது. நம்மிடம் உள்ளது 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய வகை. எம்.ஜி.ஏ. என்ற ஆங்கில உல்லாச வண்டிக்குள் 1955-இல் வைத்ததும் இதே இனத்து எஞ்சின்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் தங்கை மகன் நம்புவதில்லை. இருக்கட்டும்.

ஆலங்குளம் வரையில் குறை ஒன்றுமில்லை. பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் மேலேறியது. தென்காசி கோபுரம் கண்ணில் தென்பட்ட வேளையில் முன்மூடியின் இடுக்கிலிருந்து வெண்புகை கிளம்பியது. வண்டியை மர நிழலில் நிறுத்தினோம். தங்கை மகன் ஒரு துண்டை மடித்துக்கொண்டு ராடியேட்டர் மூடியைத் திருகப் போய்விட்டான்.

"ஏ தம்பி! கையை எடு!" என்று எதிர்ப்புறத்துப் பட்டறையிலிருந்து ஒரு குரல் இடியைப்போல் வந்தது. கையை எடுத்தான். அந்தக் குரல் ஒரு நொடி தாமதித்திருந்தால் இக்கட்டுரையை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். மூடியின் வில் காரணமாக உள்ளே சதுர அங்குலத்துக்கு 7 ராத்தல் அழுத்தம் கூடி நின்றால், ஏறக்குறைய 110 டிகிரி வரையில் அது கொதியாமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கி, அவ்வளவும் ஆவியாய்ப் பொங்கித் திறந்தவன் முகத்தில் அடிக்கும். துண்டு எம்மட்டு?

குரலுக்கு உடையவர் அறுபதைக் கடந்த மெக்கானிக். அரை மணி நேரம் எஞ்சினை ஆறவிட்டார். பிறகு முன்மூடியைத் தூக்கி, விசிறியின் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஆடக்கூடாத விசிறி, விழப்போகிற பல்லைப்போல் ஆடிற்று. பம்பின் அடிவயிற்றைக் கைவிளக்கால் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டையை அடைச்சது யாரு, சார்?" என்று கேட்டார்.

இங்கே நமது குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கோடையில் வண்டி நிற்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாய் நீர் விழுந்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். பம்பின் அடியிலிருந்த சிறு துவாரத்தில் ஏதோ ஒரு பசையை அப்பி, பத்தே நிமிஷத்தில் ஒழுக்கை நிறுத்திக் கொடுத்தார்கள். செலவு குறைந்தது என்று நாமும் மகிழ்ந்து வந்தோம். அந்தத் துவாரம் எதற்காக இருக்கிறது என்று அவர்களும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஆதிகாலத்து மோட்டார்களில் பம்பு இன்றியே காரியம் நடந்தது. ஃபோர்டு 'மாடல் டி' வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பம்பு கிடையாது. சூடேறிய நீர் இலேசாகி மேலே போகும், ராடியேட்டரில் ஆறிய நீர் கனத்துக் கீழே இறங்கும். அந்தச் சுற்றே போதுமானதாயிருந்தது. எஞ்சினின் பலம் ஏற ஏற இது போதவில்லை. ஆகவே பெல்ட்டினால் சுழலும் ஒரு தண்டை வைத்து, அதன் உள்முனையில் நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரத்தையும், நம் வண்டியைப் போன்றவற்றில் வெளிமுனையில் விசிறியையும் பூட்டினார்கள். உள்ளே நீர், வெளியே பேரிங். நடுவே காவல் நிற்பது ஒரு சிறு ஸீல், அதாவது வில்லால் அழுத்தப்பட்ட கரி வளையம். அது தேய்ந்தால் கசியும் நீர் பேரிங்குக்குப் போய்விடாமல் வெளியே விழுவதற்கென்றே அத்துவாரம். போக வழியில்லாத நீர் பேரிங்கினுள் புகுந்து, கிரீஸைக் கழுவி, குண்டுகளைத் துருப்பிடிக்கச் செய்துவிட்டது.

"அது அழுதா நல்லதுக்குத்தான் அழுவுது, சார். வாயைப் பொத்திட்டாங்க. இன்னும் பத்து மைல் போயிருந்தா விசிறி ராடியேட்டரைக் கிழிச்சிருக்கும்" என்றார் மெக்கானிக்.

உத்தர்பாராவில் வண்டி நின்றுபோன பின் புதுப் பம்பு கிடைக்குமா என்ற கவலை வந்தது. திருநெல்வேலி உதிரிப்பாகக் கடை ஒன்றுக்கு மெக்கானிக் தொலைபேசியில் பேசினார். பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள். அதுவரையில் தாயார் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்கொரு பழுது நேர்ந்தால் அதைத் திருத்துகிறவர்களைப் பணிவேன் என்று கல்லில் எழுதிவைத்தான். அதைத் தாயாரிடம் சொன்னோம். "அப்படியானால் இவரையும் கும்பிடலாம்" என்று மெக்கானிக்கைக் காட்டினார். அவர் வெட்கப்பட்டு, "சும்மா இருங்க, ஆச்சி" என்று ராடியேட்டருக்கு அடியில் தலையை மறைத்துக்கொண்டார்.

மாலையில் பம்பு வந்தது. அதற்குள் ராடியேட்டரையும் விசிறியையும் கழற்றிப் பழையதை எடுத்திருந்தார். போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று நீளம் வேறு. ஒரு அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்திவைத்திருந்தார். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு வருமாயின் பாதி வாத்தியார்களுக்கு வேலை இராது.

புதுப் பம்பை மாட்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அது உட்காரவேண்டிய எஞ்சின் முகத்தைச் சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பழைய பாக்கிங் காகிதம் அப்பளம்போல் ஒட்டிக்கிடந்தது. கீறல் விழாதபடி அதைச் சுரண்டி, பெட்ரோல் துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். பசையை நிறையப் பூசினால் ஒழுகாதல்லவா என்று தங்கை மகன் கேட்டான். பூசிக் காட்டினார். இறுக்கியபோது மிகுதிப் பசை உட்புறமும் பிதுங்குமென்றும், அது துண்டு துண்டாய்ப் பெயர்ந்து ராடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்குமென்றும் விளக்கி, அத்தனையையும் துடைத்தெடுத்தார். பிறகு புதுக் காகிதத்தின் இருபுறமும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பூச்சு. போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக இறுக்கினார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அரை அங்குலம் அமுங்குமாறு வைத்தார். கிணற்று நீர் இனி வேண்டாம், துருவைத் தடுக்கும் கூலண்ட் கலந்துதான் ஊற்றவேண்டும் என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார்.

அன்றிரவு வண்டியை மெல்ல ஓட்டிக் குற்றாலம் சேர்ந்தோம். மெக்கானிக் சொன்னபடி எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் படுத்தோம். உறக்கம் சரியாக வரவில்லை. சாரல் ஓட்டின் மேல் விழும் ஒவ்வொரு சொட்டும் பம்பிலிருந்து விழுவதாகவே பட்டது.

விடிந்ததும் தங்கை மகன்தான் முதலில் ஓடினான். தரையெல்லாம் ஈரம், வண்டிக்கு அடியில் மட்டும் காகிதம் உலர்ந்து கிடந்தது. அதைத் தாயாரிடம் காட்ட அவன் கையில் எடுத்துக்கொண்டு வரும்போது, மதில்மேலிருந்த குரங்கு ஒன்று அதைப் பறித்துக்கொண்டு மரமேறிவிட்டது. "காகிதம் போனால் போகிறது, கூட்டம் சேருமுன் அருவிக்கு வண்டியை எடு" என்றார் தாயார்.