கடலோரப் பாதிரியார்களுக்கு வந்த சோதனை

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பூந்துறை. அதற்கும் தெற்கே விழிஞ்ஞம். இரண்டும் மீனவர் ஊர்கள். இங்கே பூசை முடிந்ததும் வேலை முடிந்தது என்று பங்குத்தந்தை இருந்துவிட முடியாது. கடன் தகராறு, குடும்பச் சண்டை, சர்க்காருக்கு மனு, கடலுக்குப் போய்த் திரும்பாதவரைத் தேடுவது என்று எல்லாம் அவர் வாசலுக்கே வரும்.

இப்படிப்பட்ட ஊர்களில் தலைமை தாங்குவது எப்படி? இந்தக் கரையில் நடந்த மூன்று சம்பவங்களைப் பார்த்தால் விளங்கும்.

பெயர்ப் பட்டியல்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தது. எச்சரிக்கை வந்து சேரும் முன்பே பலர் கடலுக்குப் போயிருந்தனர். காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதில் சர்க்கார் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போகவில்லை. திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம் தானே பெயர்ப் பட்டியல் எடுத்தது. அப்போது பேராயராக இருந்தவர், குமரி மாவட்டம் மார்த்தாண்டன்துறையில் பிறந்த சூசைபாக்கியம். அழுகைக்குப் பதில் சொல்லாத அதிகாரியும் பட்டியலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பூந்துறையில் பூ

2020 ஜூலையில் பூந்துறையில் கொரோனா வேகமாகப் பரவியது. கடும் ஊரடங்கு. சாமான் வாங்க முடியவில்லை, ஊருக்குக் கெட்ட பெயர் என்று ஜனங்கள் கொதித்தனர். ஜூலை 10-ந்தேதி தெருவுக்கு வந்து, சுகாதார ஊழியர்களின் காரை மறித்தனர். இரண்டே நாளில் காட்சி மாறியது. அதே ஊழியர்களை ஊரார் பூத்தூவி வரவேற்றனர். பங்குத்தந்தையும் உடன் நின்றார். ஜனங்களின் குறை நியாயமானது; ஆனால் கோபம் போன இடம் தவறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல, அவர்கள் நம்பும் ஒருவர் வேண்டும்.

விழிஞ்ஞம் போராட்டம்

2022 ஆகஸ்டு 16-ந்தேதி விழிஞ்ஞம் துறைமுக வாசலில் போராட்டம் தொடங்கியது. பாதிரியார்களே முன்னணியில் நின்றனர். கடல் அரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறை சிமெண்டு கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் நவம்பர் 27-ந்தேதி இரவு போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. போலீசார் பலர் காயமடைந்தனர். ஒரு பாதிரியார் அமைச்சரின் மதத்தைச் சுட்டிப் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். வீடிழந்தவர் கதையைப் பேசிக்கொண்டிருந்த நாடு, அந்த ஒரு பேச்சையே பேசத் தொடங்கியது.

டிசம்பர் 6-ந்தேதி போராட்டம் முடிந்தது. வீடிழந்த குடும்பங்களுக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை தர சர்க்கார் ஒப்புக்கொண்டது. துறைமுக வேலையை நிறுத்தும் கோரிக்கை நிறைவேறவில்லை. 2025 மே 2-ந்தேதி துறைமுகம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது.

இரட்டைப் பாரம்

இந்தக் கரையில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் வசிக்கிறார்கள். 1992-ல் பூந்துறை மதக்கலவரத்தைக் கண்ட ஊர். ஒரு தீச்சொல்லே போதும், பல வீடுகள் எரியும். ஆகவே ஜனங்களின் குறையைச் சுமக்கும் பாதிரியார் அவர்களின் கோபத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டும். அதிகாரியிடம் கணக்கோடு பேச வேண்டும். மைக்கைப் பிடித்தால் நாக்கை அடக்க வேண்டும். கூட்டம் தடம் மாறினால் அதற்குக் குறுக்கே நிற்க வேண்டும். கைதட்டு வாங்குவது சுலபம். சொந்த ஜனத்திடம் "வேண்டாம்" என்று சொல்வதுதான் கஷ்டம். அவர்களோடு கிடங்கிலும் கரையிலும் இருந்தவர் சொன்னால், அந்தச் சொல் எடுபடும்.