கூவி விற்ற வானொலி

அவிநாசித் தேர்க்கடையில் "வாங்கக்கா, எதை எடுத்தாலும் பத்து ரூவாதானுங்க!" என்று கூவும் குரலை நின்று ரசிப்போம். அதையே டிவியில் "இன்னும் பத்தே பீஸ்தான், உடனே போன் பண்ணுங்க!" என்று கேட்டால், சிலருக்குக் கலகலப்பு, சிலருக்குக் காதடைப்பு.

டிவியில் கூவி விற்கும் இந்தப் பாணி பிறந்த இடம் தெரியுமா, நேயர்களே? வானொலிதான்!

1977, அமெரிக்காவின் ஃபுளோரிடா. விளம்பரதாரர் ஒருவர் வானொலி நிலையத்துக்குப் பணத்துக்குப் பதிலாக 112 டின் ஓப்பனர்களைக் கொடுத்தார். அறிவிப்பாளர் பாப் சிர்கோஸ்டா, ஒன்று 9.95 டாலர் என்று மைக்கில் கூவினார். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன! ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற டிவி விற்பனைச் சேனல் முளைத்தது அப்படித்தான்.

பேச்சை ரசியுங்க, ஆனால், பிடிக்காவிட்டால் பொருளைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டுட்டு வாங்குங்க. குறையிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.