மண்டியிலே மளிகை வாங்குதல்

பிற மாநிலங்களுக்குப் பணியின் பொருட்டுக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. சாம்பாருக்குத் துவரம்பருப்பும், இட்டிலிக்கு உளுந்தும், ரசத்திற்கு மிளகும் சீரகமும் எங்கே நல்லனவாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்பதே அது. அண்டை வீட்டார் உடனே ஒரு சந்தையின் பெயரைச் சொல்லுவர். தில்லியில் காரி பாவ்லி, மும்பையில் மஸ்ஜித் பந்தர், கல்கத்தாவில் படா பஜார், ஹைதராபாதில் பேகம் பஜார் என்று பெருநகரம் ஒவ்வொன்றுக்கும் மூட்டை மூட்டையாகத் தானியம் வந்திறங்கும் இடம் ஒன்று அமைந்திருக்கிறது. அங்கே சென்று மொத்தமாக வாங்கினால் பணம் மிச்சமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை, எப்போது பொய்த்துப் போகும் என்பதைத் தில்லிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

காரி பாவ்லி, சாந்தினி சவுக் வீதியின் மேற்குக் கோடியில், 1650-ஆம் ஆண்டில் எழுந்த பதேபுரி மசூதியை அடுத்து இருக்கிறது. 'காரி' என்றால் உவர்ப்பு. 'பாவ்லி' என்றால் படிகளோடு கூடிய கிணறு. அந்த உவர்க்கிணறு இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கிணறு இருந்த இடத்தில் இப்போது மிளகாயின் நெடியும் ஏலத்தின் மணமும் நிறைந்திருக்கின்றன. கடை வாயிலில் கோணிகளின் வாய் மடித்து விடப்பட்டிருக்கும். பருப்பும் மசாலாச் சரக்கும் குவிந்திருக்கும். சுமைகூலிக்காரர்கள் முதுகில் மூட்டையோடு வழி கேட்டு விரைவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். பல கடைகளில் ஒரு கிலோ கேட்டாலும் கொடுப்பார்கள். சில கடைகளில் மூட்டைக்குக் குறைந்து பேச்சே இல்லை. எனவே விலை கேட்கும்போதே எத்தனை கிலோவுக்கு அந்த விலை என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது முறை.

மண்டியில் விலை ஏன் குறைகிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். தெருமுனை மளிகைக்காரர் மூட்டையாக வாங்கி, கல்லும் தூசியும் போக்கி, வண்டு பிடிக்காமல் காத்து, நாம் கேட்ட வேளையில் கால் கிலோவும் அரைக் கிலோவுமாக நிறுத்துக் கொடுக்கிறார். கெட்டுப் போனது அவர் நட்டம். மண்டியில் மூட்டையாக வாங்குகிறவர், இந்த வேலைகள் அனைத்தையும் தாமே ஏற்றுக்கொள்கிறார். சுமந்து வருதல், புடைத்தல், காத்தல், கெட்டால் நட்டத்தைத் தாங்குதல் ஆகிய இந்நான்குக்கும் கிடைக்கும் கூலியே விலைக் குறைவு. அவ்வேலைகளைச் செய்யக் கூடியவருக்கு அது இலாபம்; செய்ய இயலாதவருக்கு வெறும் தோற்றம்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். தெருமுனைக் கடையில் அரிசி கிலோ 60 ரூபாய் என்றும், மண்டியில் 54 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 25 கிலோ சிப்பம் ஒன்றுக்கு 150 ரூபாய் மிச்சம். போக்குவரவுக்கும் சுமைகூலிக்கும் 100 ரூபாய் கழிந்தால் 50 ரூபாய் நிற்கும். இரண்டு மாதங்களில் ஒரே ஒரு கிலோ அரிசி வண்டு விழுந்து வீணானாலும் 54 ரூபாய் போய்விடும். மிச்சம் போய் நட்டம் வந்துவிடும். ஆனால் அதே பயணத்தில் துவரம்பருப்பும் உளுந்தும் மிளகாயும் மிளகும் சேர்த்து வாங்கினால், அந்த 100 ரூபாய்ச் செலவு எல்லாப் பொருள்கள்மீதும் பங்கிடப்பட்டுப் பயணம் பயனுடையதாகிறது.

ஆகவே புறப்படுமுன் வீட்டின் செலவைக் கணக்கிடுதல் இன்றியமையாதது. ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி செலவாகும் நால்வர் குடும்பத்தில் மாதத்திற்கு 12 கிலோ ஆகும். 25 கிலோ சிப்பம் இரண்டு மாதங்களுக்கு வரும். அன்றாடம் 100 கிராம் துவரம்பருப்பு வேகும் வீட்டில் மாதம் 3 கிலோ போதும். வாரம் இருமுறை, முறைக்குக் கால் கிலோ உளுந்து ஊற வைத்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 2 கிலோ. கோடையில் இரண்டு மாதங்களுக்கும், மழைக்காலத்தில் ஒரு மாதத்திற்கும் மேற்பட்டு வாங்காதிருப்பது சிறு வீடுகளுக்கு ஏற்ற அளவு.

அடுத்தது பெயர்களின் சிக்கல். வடநாட்டுக் கடையில் துவரை 'அரஹர்' அல்லது 'தூர்' எனப்படும். உளுந்து 'உரத்', பாசிப்பயறு 'மூங்', கடலை 'சனா', வெந்தயம் 'மேத்தி', ஓமம் 'அஜ்வாயின்', சோம்பு 'சௌன்ஃப்'. தனியா மட்டும் அங்கும் தனியாவே. 'உரத்' என்று மட்டும் கேட்டால் தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தோ உடைத்த பருப்போ வந்துவிடலாம். இட்டிலிக்கு வேண்டிய தோல் நீக்கிய முழு உளுந்தை 'உரத் கோட்டா' என்று கேட்க வேண்டும். புழுங்கலரிசி கேட்டால் 'சேலா' என்று நீண்ட பாஸ்மதிப் புழுங்கலைக் காட்டுவார்கள். அது புலவுக்கு உகந்தது, இட்டிலிக்கு ஆகாது. குட்டையான இட்டிலி அரிசிக்குத் தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டையோ கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் போன்ற, தமிழர் வாழும் பகுதிகளிலுள்ள கடைகளையோ நாடுவதே நேர்வழி. பெருங்காயத்திலும் இரு வகை உண்டு: கலப்பற்ற பிசின் ஒன்று; மாவும் கோந்தும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம் மற்றொன்று. இரண்டின் விலைக்கும் பெருத்த வேறுபாடு இருப்பதால், எதற்கு விலை சொல்லப்படுகிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எண்களும் புதியவர்களைத் தடுமாறச் செய்யும். 'பாவ்' என்றால் கால் கிலோ. 'டேட் சௌ' என்பது 150. 'டாயீ சௌ' என்பது 250. 'சவா சௌ' என்பது 125. 'பௌனே தோ சௌ' என்பது 175. இவ்வைந்து சொற்களையும் மனத்தில் பதித்துக்கொண்டவர் பேரத்தில் ஏமாறுதல் அரிது.

எடையைப் பற்றி ஒரு சொல். நம் முன்னோர் சேர், மணங்கு என்று நிறுத்தார்கள், படியால் அளந்தார்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாய், 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இப்போது நடப்பிலிருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். இதன் விதிகளின்படி மின்னணுத் தராசு ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். பொருளை வைக்குமுன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று நோக்குங்கள். மூட்டையாக வாங்கும்போது கோணியின் எடை கழிக்கப்பட்டதா என்று கேளுங்கள். கோணியை அங்கே 'பார்தானா' என்பர். 50 கிலோ பிடிக்கும் சணற்கோணி ஒன்று அரைக் கிலோவுக்கு மேலேயே நிறை கொண்டது. அதனைப் பருப்பின் விலைக்கு வாங்குதல் தகாது. அளவிலோ தரத்திலோ குறை கண்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதற்குக் கையில் இரசீது இருத்தல் வேண்டும். ஆதலால் இரசீது கேட்டு வாங்க நாணற்க.

விலையைக் காட்டிலும் பெரிய பொருள் உடல்நலம். சிப்பத்திலடைத்த பண்டத்தின் மேல் தயாரித்தவர் பெயரும் நாளும் இருக்கும். திறந்த கோணியிலுள்ள பண்டத்திற்கு நம் கண்ணும் மூக்கும் விரலுமே சான்று. துவரம்பருப்பில் கேசரிப் பருப்பைக் கலப்பதுண்டு. துவரை உருண்ட வடிவினது. கேசரி ஒருபுறம் சரிந்து ஆப்புப் போலவும் சதுரமாகவும் தோன்றும். அதனை நெடுநாள் மிகுதியாக உண்டோர்க்குக் கால்கள் முடங்கும் நோய் வருவதை மருத்துவ நூலோர் கண்டுள்ளனர். கடுகில் பிரமதண்டு விதை கலந்திருக்கக் கூடும். கடுகின் மேற்பரப்பு வழவழப்பானது. நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பானது. நசுக்கினால் உள்ளே வெண்மை. இது அற்பச் செய்தியன்று. 1998-ஆம் ஆண்டில் தில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60 பேர்வரை மாண்டனர். நோயுற்று மருத்துவமனை சேர்ந்தோர் மிகப் பலர். மிளகில் கலக்கும் பப்பாளி விதையைப் பிரித்தறிய, சிறிது எடுத்து நீரிலிட்டுப் பார்க்கலாம். நல்ல மிளகு அமிழும். பப்பாளி விதை மிதக்கும்.

2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், பொடித்த மசாலாவைச் சிப்பமிடாமல் விற்பதை விலக்கியுள்ளன. சமையல் எண்ணெய்க்கும் பொதுவில் அதுவே விதி. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் எளிது. மிளகாய், மஞ்சள், தனியா ஆகியவற்றை முழுதாகவே வாங்கி வீட்டிலோ அரைவைக் கடையிலோ பொடித்துக்கொள்ளுங்கள். முழுப் பொருளில் கலப்படத்தைக் கண் காணும்; பொடியில் காணாது.

வாங்கும் பருவமும் கருதத் தக்கது. துவரை டிசம்பர் தொடங்கி அறுவடையாகி வரும். குண்டூர் மிளகாய், ஈரோடு மஞ்சள், குஜராத் மாநிலத்து ஊஞ்ஜா சந்தைக்குச் செல்லும் சீரகம் ஆகியவற்றின் புதுச்சரக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மிகுதியாக வரும். ஆண்டுச் செலவுக்கு மிளகாயும் மஞ்சளும் வாங்குவோர், புதுச்சரக்கு வந்தபின் கோடை வெயில் காய்வதற்குள் வாங்கிவிடுதல் நன்று. வெயிலில் நன்கு உலர்த்தி, சூடு முழுதும் ஆறியபின் மூடி வைக்கலாம். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் துளிர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அரிசிக்கு மட்டும் கதை வேறு. புதிய அரிசி குழையும். பழைய அரிசியே சோற்றுக்கு உகந்தது.

வண்டு எங்கிருந்து வருகிறது என்று பலரும் வியப்பர். அரிசி வண்டு தானிய மணியில் துளையிட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடுகிறது. குஞ்சு உள்ளிருந்தே மணியைத் தின்று வளர்கிறது. வெப்ப நாளில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளிவருகிறது. வாங்கிய அன்று தூய்மையாய்த் தோன்றிய சிப்பம் அடுத்த மாதம் ஊர்வதற்குக் காரணம் இதுவே. ஆதலால் மூட்டையை அப்படியே மூலையில் சாத்தாமல், புடைத்து, உலர்ந்த டின்களில் பிரித்து வையுங்கள். பழைய இருப்பின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டின்னைத் துடைத்துக் காயவைத்தே மறுபடி நிரப்புங்கள். துவரம்பருப்பில் சிறிது ஆமணக்கெண்ணெய் புரட்டிக் காப்பது நம் ஊர் வழக்கம். குஜராத்திலும் இவ்வழக்கம் உண்டு. சமைக்குமுன் வெந்நீரில் கழுவினால் போதும்.

இவ்வளவும் ஒரு சிறு குடும்பத்தால் இயலுமா என்று கேட்கலாம். தனித்து இயலாவிடில் கூடிச் செய்யலாம். ஒரே குடியிருப்பில் வாழும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி அன்றே பங்கிட்டுக்கொண்டால், மண்டி விலையும் கிடைக்கும். சரக்கு கெடுமுன் செலவாகியும் விடும். ஒருவர் கணக்கெழுதட்டும், ஒருவர் சந்தைக்குச் செல்லட்டும், ஒருவர் வீட்டில் தராசு இருக்கட்டும். இது புதிய கருத்தன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர் சிலர் மாவும் சர்க்கரையும் கூட்டாக வாங்கி விற்கத் தொடங்கியதே நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்திற்கு முன்மாதிரியாயிற்று. அவ்வழியைப் பின்பற்றிச் சென்னையில் 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தில்லியில் மத்திய அரசு ஊழியர்க்கென 1963-ஆம் ஆண்டில் கேந்திரிய பண்டார் தொடங்கப்பட்டது. 1966-ஆம் ஆண்டில் விலைவாசி ஏறிய காலத்தில் திறக்கப்பட்ட சூப்பர் பஜாரோ 2002-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கூட்டுறவும் நல்ல நிர்வாகம் உள்ளவரையில்தான் நிலைக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

அன்பர்களே, புதிய ஊரில் குறிப்பிட்ட சம்பளத்தில் குடித்தனம் நடத்துவோருக்குச் சிறு மிச்சமும் பெரிதே. ஊருக்கு அனுப்பும் பணமும் குழந்தைகளின் படிப்பும் அந்த மிச்சத்தைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே சந்தைக்குப் புறப்படுமுன் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டிற்கு மாதம் எவ்வளவு வேண்டும்; காத்து வைக்க எத்தனை டின் உண்டு; பங்கு கொள்ள யார் உளர். இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் மூட்டை வாங்கலாம். கிடைக்காத மாதத்தில், தெருமுனைக் கடையில் இரண்டு கிலோ வாங்கி வருவதே சிக்கனம்.